ஆறு பந்து 50 ரூபாய்: எல்லையோர டர்ஃபும் எங்கள் வீட்டு ஈட்டிக்காரனும்

ஆறு பந்துக்கு 50 ரூபாய். பந்து அவர்களுடையது, கை நம்முடையது, என்ன வேகம் என்று ஸ்பீட் கன்னை, அதாவது வேகம் அளக்கிற கருவியைப் பார்த்துச் சொல்வார்கள். பாலக்காட்டு ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற பக்கம், காய்ப்பு நின்றுபோன ஒரு தென்னந்தோப்பைச் சமப்படுத்திப் போட்டிருக்கிற டர்ஃப், வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் மைதானம். பெயர் எழுதவில்லை. கீழே நாலு குறை சொல்லப் போகிறேன், நடத்துகிறவர்கள் நம்ம ஆட்கள், நாளைக்கு ஒரே கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டி வரும். எனக்குத் தெரிந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்பீட் கன் வைத்திருப்பது இவர்கள்தான், வேண்டியவர்கள் விசாரித்துக் கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

நான் ஏன் போனேன் என்றால், அக்கா பையன். பிளஸ் டூ படிக்கிறான், இடது கை. மூன்று வருஷமாக ஸ்கூலில் ஈட்டி எறிந்தான். உபஜில்லா மீட்டில் முதல் இடம், ஜில்லா மீட்டில் நாலாவது. பாலக்காட்டு ஜில்லாவில் நாலாவது வருவது லேசுப்பட்ட காரியமில்லை, பறளி, முண்டூர் பள்ளிப் பிள்ளைகளோடு ஓடியும் எறிந்தும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் நாலாவதுக்கு மெடல் கிடையாது, நாலாவது வந்தவன் பெயரை மைக்கில்கூடச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, “மாமா, இனி ஈட்டி வேண்டாமுங்க, பவுலிங் போடலாம்னு இருக்கேன்” என்றான். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் தூண்டிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ரிங்கு சிங் கதையை அவனுக்குச் சொன்னது நான்தான்.

ரிங்கு சிங் என்றால் உடனே எல்லோரும் அந்த அஞ்சு சிக்ஸைச் சொல்வீர்கள், 2023 ஏப்ரலில் அகமதாபாத்தில் கடைசி ஐந்து பந்தையும் தூக்கி அடித்த கொல்கத்தா அணிப் பையன். டர்ஃபில் கன் பிடிக்கிற தம்பியும் அதைத்தான் சொன்னான். இவர் அவரில்லை. அதே உத்தரப் பிரதேசம், பதோஹிப் பக்கம், லாரி டிரைவர் மகன், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். 1988-இல் பிறந்தவர். ஈட்டி எறிபவர், இடது கை. எங்கள் வீட்டுப் பையனுக்கு அந்த “இடது கை” ஒன்றே போதுமானதாக இருந்தது, மீதிக் கதையை அவனாகவே போனில் தேடிப் படித்துவிட்டு வந்து எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

2008-இல் ஓர் அமெரிக்க ஏஜென்ட் இந்தியாவுக்கு வந்து, பந்தை வேகமாக எறிகிறவன் யார் என்று ஒரு போட்டி நடத்தினார். இத்தனை கிரிக்கெட் ஆடுகிற நாட்டில் பேஸ்பாலுக்கு ஒரு கை கிடைக்காமலா போகும் என்பது அவர் கணக்கு. 37,000 பேருக்கு மேல் எறிந்து பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஜெயித்தது கிரிக்கெட்காரன் இல்லை, பேஸ்பால் என்ற விளையாட்டையே அதுவரை கேள்விப்படாத இந்த ஈட்டிக்காரர். கன்னில் வந்தது மணிக்கு 87 மைல், நம் கணக்கில் 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ், பயிற்சி, அந்த வருஷம் நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம். கூடவே போன தினேஷ் படேலும் ஈட்டிக்காரர்தான், வலது கை. 2009 ஜூலையில் பைரேட்ஸின் கீழ்மட்ட அணியில் இரண்டு பேரும் இறங்கினார்கள், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியர்கள். டிஸ்னி இதைப் படமாகவே எடுத்தது, 2014-இல் வந்தது, இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்.

ஆக, ஒரு கன் முன்னால் நின்று எறிந்து வாழ்க்கை மாறிய கதை ஒன்று எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த டர்ஃப்காரர்கள் “ஸ்பீட் கன் வந்தாச்சு” என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள். விடுவானா?

இனி டர்ஃபைப் பற்றி. தரை நன்றாக இருக்கிறது, புல் இன்னும் சாயவில்லை, கறுப்பு ரப்பர் துகள் மட்டும் சாக்ஸுக்குள் புகுந்து வீடு வரைக்கும் வரும், அக்காவிடம் அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினோம். லைட் போதுமான வெளிச்சம். பாத்ரூம் சுத்தம், இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த ரோட்டில் வேறு எங்கேயும் இல்லை. பணம் கூகுள் பேயில் கட்டலாம், புக்கிங் வாட்ஸ்அப்பில், மலையாளத்தில் அனுப்பினாலும் தமிழில் அனுப்பினாலும் பதில் வரும். சாயா 12 ரூபாய், பழம்பொரி சாயங்காலம் ஐந்தரைக்குள் போனால்தான் சூடு. பக்கவாட்டில் கால்பந்துக் கூட்டம் ஓயாது, பந்து நெட்டைத் தாண்டி ஓரிரண்டு தடவை எங்கள் பக்கம் வந்து விழுந்தது, அதைப் பெரிதுபடுத்த மாட்டேன்.

பவுலிங் நெட் இரண்டு. ஆடி மாதக் காற்றில் போனால் நெட் கப்பல் பாய் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். கணவாய் வழியாக வருகிற காற்று, கேட்கவா வேண்டும், எதிர்காற்றில் ஓடி வருகிறவனுக்கு மூச்சு முட்டும். பந்து ஸ்டிச் பால், எங்கள் காலத்துக் கார்க் பால் இல்லை. ஆனால் பத்தில் நாலு பந்து தையல் விட்டுப்போனவை. 50 ரூபாய்க்குப் புதுப் பந்து தர முடியாது என்பது எனக்கும் புரிகிறது. பழசாக இருந்தாலும் உருண்டையாக இருக்க வேண்டாமா?

இப்போது கன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அங்கே போகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், நடத்துகிறவர்களும் தெரியாமல்தான் ஏமாற்றுகிறார்கள்.

முதல் நாள் எங்கள் பையன் போட்ட ஆறு பந்து: 98, 103, 61, ரீடிங் இல்லை, 101, 103. அந்த 61 எப்படி வந்தது? பந்து பிட்சாகி எழுந்த பிறகு கன் பிடித்திருக்க வேண்டும், தரையில் பட்டாலே வேகம் ஒரு பங்கு போய்விடும். டிவியில் காட்டுகிற வேகம் கையை விட்டுக் கிளம்புகிற நேரத்து வேகம். “ரீடிங் இல்லை” என்ற பந்தும் கணக்கில் சேர்ந்துவிட்டது, திருப்பிப் போட விடவில்லை. கேட்டால், “பேட்டரி லோ ஆணு சேட்டா” என்கிறான் தம்பி. பேட்டரி அவர்களுடையது, 8 ரூபாய் சில்லறை எங்களுடையது.

அதைவிடப் பெரிய விஷயம், தம்பி நிற்கிற இடம். நெட்டுக்குப் பக்கவாட்டில், சாயாக் கிளாஸ் வைக்க வசதியாக ஒரு திண்டு இருக்கிறது, அங்கே சாய்ந்துகொண்டு கன்னை நீட்டுகிறான். வாளையாற்றில் ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் ஒரு சுருதியில் கேட்கும், கடந்து போனதும் சுருதி இறங்கும், அந்தத் தத்துவத்தில் ஓடுகிற கருவி இது. தன்னை நோக்கி வருகிற வேகம் மட்டும்தான் அதற்குத் தெரியும். சாய்வாக நின்று பிடித்தால் குறைத்துத்தான் காட்டும். பத்தாம் வகுப்பில் “இது எதுக்குடா உதவப்போகுது” என்று நாம் சபித்த அந்தக் காஸ் தீட்டா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது: 30 டிகிரி சாய்ந்து நின்றால் 100 போட்டவனுக்கு 87தான் வரும். பேட்ஸ்மேனுக்கு நேர் பின்னால், நெட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். முதலில் முறைத்தான், அப்புறம் பாவம், நின்றான். அதே பையன், அதே பந்து: 110, 112, 109. தம்பிக்கே ஆச்சரியம், இத்தனை நாள் எத்தனை பேரை 95 என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினானோ.

நேராக நிற்கச் சொல்லுங்கள். சொன்னால் நிற்கிறார்கள்.

அடுத்து நடந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பையனுடைய ஓட்டம் சரியாக இருக்கிறது, கடைசி இரண்டு எட்டு ஈட்டிக்காரனுக்கே உரியது, முன்கால் மரம் நட்ட மாதிரி ஊன்றி நிற்கிறது, இடுப்பு முந்தித் திரும்பித் தோள் பின்னால் வருகிறது. இதெல்லாம் நல்ல வேகப்பந்துக்காரனுக்கும் வேண்டியவை. ஆனால் முழங்கை? அது ஈட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. மடங்கி, பட்டென்று நிமிர்கிறது. கிரிக்கெட்டில் 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் நோ பால். தம்பி இரண்டாவது பந்திலேயே, “மதி மதி, அது ஏறாணு” (போதும், அது பவுலிங் இல்லை, எறி) என்று கன்னை இறக்கிவிட்டான். சரியாகத்தான் பிடித்தான், அம்பயர் வேலைக்குப் போகலாம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ரிங்கு சிங் ஈட்டியிலிருந்து பேஸ்பாலுக்குப் போனது எங்கள் பையன் ஈட்டியிலிருந்து கிரிக்கெட்டுக்கு வருவதைவிட ஏன் சுலபம் என்று. பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறிய வேண்டும், அதுதான் விளையாட்டே. அவர் கையிலிருந்து எதையும் பிடுங்கிப் போட வேண்டியிருக்கவில்லை. இவனுக்கு மூன்று வருஷம் பழகியதை மறக்க வேண்டியிருக்கிறது. எதிர்த்திசையில் போனால் இந்தச் சிக்கல் இல்லை போல, பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் முதலில் கிரிக்கெட் ஆடியவர், அப்புறம் ஈட்டிக்குப் போய் 2024 பாரிஸில் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். சரி, ஒரு விளையாட்டுக்கு எறியென்று மட்டும் போடு பார்க்கலாம் என்று தம்பியைச் சம்மதிக்க வைத்து, பிட்ச் ஆகாமல் நேராக நெட்டுக்கு எறியச் சொன்னேன்: 124. தம்பி கன்னை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு தடவை எறியச் சொன்னான். 123. பக்கத்துக் கோர்ட்டுக் கால்பந்துப் பையன்கள் இரண்டு பேர் நெட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள், எங்கள் பையன் முகத்தில் ஜில்லா மீட்டுக்கு அப்புறம் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

இனிமேல்தான் குறை.

அந்த 124 வந்த பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. 125 பார்த்துவிட வேண்டும் என்று இன்னொரு செட், இன்னொரு செட். நான் சாயா குடிக்கப் போய் ஒரு போன் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கடைசியில் பில் 700 ரூபாய், அதாவது 14 செட், 84 பந்து. ஒரே சாயங்காலத்தில். வார்ம் அப் கிடையாது, ஒவ்வொன்றும் ரெக்கார்டு உடைக்கிற வெறியில் முழு பலத்தோடு எறிந்தது. யாரும் “போதும் தம்பி” என்று சொல்லவில்லை, சொல்வானேன், ஆறு பந்துக்கு 50 ரூபாய் வருகிறதே. மறுநாள் காலையில் பல் தேய்க்க வலது கையைப் பயன்படுத்தினான். சோற்றுத் தட்டைத் தூக்க முடியவில்லை. அக்கா வீட்டில் எனக்கு ஒரு வாரம் காப்பி கிடையாது.

நான் அவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் என்னைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ரிங்கு சிங் கதையில் 87 மைல் வரைக்கும் சொன்னவன், அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தினேஷ் படேலை 2010-இல் அனுப்பிவிட்டார்கள். ரிங்கு மட்டும் கீழ்மட்ட லீக்குகளில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார், ஆஸ்திரேலிய லீக்கிலும் போய் ஆடினார். உச்சத்தில் இருக்கிற மேஜர் லீக்கைத் தொடவே இல்லை. 2013-இலிருந்து காயம், முழங்கையில் டாமி ஜான் ஆபரேஷன், வருஷக்கணக்கில் மைதானத்துக்கு வெளியே. எறிகிறவர்களின் முழங்கை உள்பக்கத்தில் ஒரு தசைநார் இருக்கிறது, அது நைந்துபோனால் உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கட்டுவார்கள். 1974-இல் முதன்முதலில் அந்த ஆபரேஷன் செய்துகொண்ட பேஸ்பால்காரரின் பெயர்தான் அதற்கு. ஒரே எறியில் போகிற நார் இல்லை அது, பெரும்பாலும் எறிந்து எறிந்து நைகிறது. அதனால்தான் அமெரிக்காவில் பள்ளி வயதுப் பையன்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான், அப்புறம் இத்தனை நாள் ஓய்வு என்று வயது வாரியாக எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட்டிலும் இங்கிலாந்தில் சின்ன வயது வேகப்பந்துக்காரர்களுக்கு ஓவர் வரம்பு உண்டு. இந்த டர்ஃபில் வேகத்தைக் காட்ட ஒரு மெஷின் இருக்கிறது, எண்ணிக்கையைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. பில் போடுகிறவர் மட்டும்தான் எண்ணுகிறார்.

“கோச்சிங் விரைவில் ஆரம்பம்” என்று வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்குகிறது, மலையாளத்திலும் தமிழிலும். தை மாதத்திலிருந்து தொங்குகிறது. வெயிலில் கோச் முகம் வெளுத்து மூக்கு மட்டும்தான் பாக்கி. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வீர் மஹான்தான் ஞாபகம் வருவார், அது நம்ம ரிங்கு சிங்குக்குப் பின்னால் வந்த பெயர். பேஸ்பால் முடிந்து 2018-இல் ரிங்கு சிங் டபிள்யூடபிள்யூஈ என்கிற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியில் சேர்ந்தார். முதலில் சௌரவ் குர்ஜரோடு ஜோடி. சௌரவ் யார் என்று யோசிக்கிறீர்களா, விஜய் டிவியில் டப்பிங்கில் நாம் பார்த்த மகாபாரதத்தில் பீமனாக வந்தாரே அவர்தான், அவரும் கிக் பாக்ஸிங்கிலிருந்து வந்த ஆள். அப்புறம் ரிங்குவைத் தனியாகப் பிரித்து, நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்ராட்சம், தாடி என்று வேஷம் கட்டி வீர் மஹான் என்று பெயர் வைத்தார்கள். 2021 கடைசியிலிருந்து வாரா வாரம் “வீர் மஹான் வருகிறார், வருகிறார்” என்று டிவியில் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆள் வரவே இல்லை, அதை வைத்தே ஜனங்கள் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவழியாக 2022 ஏப்ரலில் வந்து ரே மிஸ்டீரியோ என்கிற மல்யுத்தக்காரரையும் அவர் மகனையும் புரட்டி எடுத்தார்.

மல்யுத்தம் என்று சொன்னாலும் யார் ஜெயிப்பது என்று முன்பே எழுதி வைத்த ஆட்டம்தான் அது, எல்லோருக்கும் தெரியும், நான் சின்ன வயசில் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் அண்டர்டேக்கருக்காக அழுதபோது மட்டும் தெரியாது. ஆனால் தூக்கிப் போட்டால் முதுகு தரையில்தான் விழுகிறது, அதில் நடிப்பு இல்லை. 29 வயதில், ஆபரேஷன் ஆன கையோடு, விழுவதற்கே முதலிலிருந்து பழகினார் பாருங்கள், அந்த இடம் எனக்கு 87 மைலைவிடப் பெரிதாகப் படுகிறது. 2023 செப்டம்பரில் ஹைதராபாத்தில் டபிள்யூடபிள்யூஈ காட்சி நடந்தபோது நம்ம ஜனங்களுக்கு முன்னால் இவரும் சௌரவும் ஜோடியாக மோதினார்கள், ஜெயிக்கவில்லை. 2024 ஏப்ரலில் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். இதை எங்கள் பையனிடம் சொன்னபோது அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “கை போனாலும் ஆள் போகலீங்க மாமா” என்றான், எங்கிருந்து பிடித்தானோ.

சரி, டர்ஃபுக்கு வருவோம். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி போனோம். நடத்துகிறவரிடமே நேராகச் சொன்னேன்: ரீடிங் வராத பந்துக்குக் காசு வாங்காதீர்கள், கன் பிடிக்கிற ஆளுக்கு நெட் பின்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிறவனுக்கு ஒரு எண்ணிக்கை வையுங்கள். முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார், ஸ்டூல் அன்றைக்கே வந்துவிட்டது, சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல், சாயாக் கிளாஸ் வைக்க இன்னொன்று. மூன்றாவதுக்கு, “பார்க்கலாங்க, பையன்கள் கோச்சுக்குவாங்க” என்றார்.

அதனால் இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அரை நட்சத்திரம் இடத்தின் சுத்தத்துக்கு, ஒன்று கன்னுக்கு, ஒன்று சொன்னதைக் காதில் வாங்கினதுக்கு, அரை பழம்பொரிக்கு. கோச் வந்தால் நாலாக்குகிறேன்.

வருகிற சனிக்கிழமை ஆறரை மணி ஸ்லாட் எங்களுடையது. வீட்டிலிருந்து புளியங்கொட்டை 36 எண்ணி வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவேன், பந்துக்கு ஒன்றாக இடது பாக்கெட்டுக்கு மாற்றுவதற்கு. போன வாரம் இதைப் பார்த்துவிட்டுத் தம்பி, “மாமன் ஜெபிக்கயாணோ?” என்று கேட்டான். முப்பத்தைந்தாவது கொட்டை மாறும்போது பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், முப்பத்தாறாவதை அவன் மெதுவாகத்தான் போட்டான், கை நேராக, 96. தம்பி கன்னை இறக்கவில்லை.